அரை அங்குலத் தெரு

போர் முடிந்த பன்னிரண்டாம் வருடம், பழைய படைத் தலைமையகத்தின் வரைபட அறையில், தரை வெடிப்பு ஒன்றின் நடுவே ஒரு தெரு முளைத்தது. நீளம் ஒரு சாண். இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினான்கு வீடுகள், ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி உயரம். காவல்காரர் முதலில் ஏதோ பூசணம் என்று நினைத்துப் பெருக்கித் தள்ளப் பார்த்தார். துடைப்பக் குச்சிகள்தான் ஒடிந்தன. மூன்றாம் நாள் அந்தியில், ஊசிமுனை அளவு ஜன்னல்களில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, நகராட்சிக்கு முறைப்படி ஒரு விண்ணப்பம் எழுதினார்: ‘வரைபட அறைத் தரையில் தெரு உள்ளது. பார்வையாளர்கள் மிதித்துவிடாமலிருக்கக் கயிறு தேவை.’ கயிறு பதினைந்தாம் நாள் வந்து சேர்ந்தது. அதைக் கட்டுவதற்கு ஆணி கேட்டு எழுதிய இரண்டாம் விண்ணப்பத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

தலைமையகம் ஊருக்கு வடக்கே மேட்டின்மேல் இருந்தது. போர் நடந்த மூன்று வருடமும் அதன் இருபத்திரண்டு அறைகளிலிருந்துதான் உத்தரவுகள் இறங்கின. கடைசியில் படை, காகிதங்களை மூன்று நாள் எரித்துவிட்டு லாரிகளில் ஏறிப் போனது. நாலாம் நாள் ஊரார் மேட்டில் ஏறினார்கள். கூரைத் தகடு, கதவு, ஜன்னல், குழாய், கடைசியில் படிக்கட்டின் கைப்பிடி என்று ஒன்று பாக்கியில்லாமல் இறங்கி வந்தது. ஊரில் பாதி வீடுகளின் கதவு இன்றும் தலைமையகத்துக் கதவுதான். பள்ளிக்கூடத்துக் கரும்பலகை ஒரு காலத்தில் தளபதியின் சாப்பாட்டு மேசை. இதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை, ‘மேட்டுச் சாமான்’ என்றுதான் சொல்வார்கள். எடுப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு, நகராட்சி அங்கே ஒரு பலகை நட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையிடலாம் என்று அறிவித்தது. ஜனங்களும் போனார்கள். தங்கள் வீட்டு ஜன்னல் முன்பு எந்தச் சுவரில் இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்கள்.

ஞாயிறு தவறாமல் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் வரைவாளர். இன்னொருவர் அவருடைய மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி. போர்க்காலத்தில் இருவரும் அந்த வரைபட அறையிலேயே வேலை பார்த்தவர்கள். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் மூல வரைபடத்தை விரித்து, மேலே மெல்லிய தாளை வைத்து, நிப் பேனாவால் கறுப்பு மையில் படியெடுப்பது வேலை. போருக்குப் பிறகு கடைத்தெருவில் ஒரு சின்ன அறை பிடித்து, வீட்டு மனைகளுக்குப் படம் வரைந்து கொடுத்துப் பிழைத்தார்கள். மேட்டுக்குப் போனால் வரைவாளர் மட்டும்தான் உள்ளே போவார். மைத்துனர் வாசலில் காவல்காரருடன் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். “உள்ள வாங்களேன், உங்க ஆபீஸ்தானே” என்று காவல்காரர் கூப்பிட்டால், “மூணு வருஷம் உள்ளயே கிடந்தாச்சு, காத்தாட விடுய்யா” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அப்போதும் முகத்தைக் கட்டடத்தின் பக்கம் திருப்ப மாட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. பெரிய வரைபடம் ஒரே தாளில் அடங்காது. ஆகவே அதை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கத் தாளை ஒருவரும் வலப்பக்கத் தாளை ஒருவரும் வரைவார்கள். இரண்டையும் ஒட்டும் இடத்தில் அரை அங்குலப் பட்டை ஒன்று இருவருக்கும் பொதுவாக மிஞ்சும். அதை யார் வரைவது என்பதற்கு அறையில் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் முடித்தவர் மைக்கூட்டை மூடிவிட்டு எழுந்து போகலாம். பின்னால் முடித்தவர் உட்கார்ந்து, இரண்டு தாளையும் சேர்த்து ஒட்டிப் பட்டையை வரைந்துவிட்டுத்தான் போக வேண்டும். போரின் இரண்டாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலேகாலுக்கு, இருவரும் ஏறக்குறைய ஒரே நொடியில் மைக்கூட்டை மூடினார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரித்தார்கள். வெளியே தேநீர் வந்திருந்தது. இருவரும் எழுந்து போனார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் தலைமை எழுத்தர் தாள்களை ஒட்டி முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். ஒரு வாய்க்கால் அரை அங்குலத்துக்குக் காணாமல் போய் மறுபடி கிளம்புவதைப் பார்த்த அதிகாரி, இந்த ஊர் வாய்க்கால் அப்படித்தான் போலும் என்று விட்டுவிட்டார்.

பட்டையில் விட்டுப்போனவை இவை: வாய்க்காலில் ஒரு துண்டு, இரண்டு மரங்கள், பதினான்கு வீடுகள் உள்ள ஒரு தெரு. பீரங்கிக்காரர்களுக்குத் தாக்குதல் தொடங்குமுன் தூரம் சரிபார்க்க வெற்று நிலம் ஒன்று வேண்டும். வரைபடத்தில் அந்தப் பட்டை துடைத்துவைத்த மாதிரி வெறுமையாக இருந்தது. வியாழன் காலை நான்கு குண்டுகள் போட்டுப் பார்த்தார்கள். தூரம் சரியாக இருந்தது.

இதெல்லாம் இருவருக்கும் தெரியும். ஆனால் வரைவாளருக்கு மட்டும் இன்னொன்றும் தெரியும். மைத்துனரின் மூடி ஒரு கண்ணிமைப்பு முன்னாலேயே விழுந்தது. அந்தச் சத்தத்தை அவர் கேட்டிருந்தார். உட்கார்ந்திருக்க வேண்டியவர் வரைவாளர்தான். மைத்துனருக்கோ இந்த விஷயத்தில் தலைகீழான நம்பிக்கை. போர் முடிந்த வருடம், அடுப்படியில் இருந்த அக்காவுக்குக் கேட்காத தூரத்தில், “அன்னைக்கு நான் உக்காந்திருக்கணும் அத்தான். நீங்கதான் முதல்ல மூடினீங்க” என்று சொல்லி அழுதார். “விடு மாப்ளே, நடந்தது நடந்துபோச்சு. யாரும் உன்னைக் குத்தம் சொல்லல” என்று வரைவாளர் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். பெருந்தன்மையாகத் தட்டிக் கொடுத்தார். அந்தக் கையை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்.

தெரு முளைத்த முதல் ஞாயிறே வரைவாளர் தன் பூதக்கண்ணாடியுடன் குப்புறப் படுத்து அதைப் பார்த்தார். எந்தத் தெரு என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஓர வாய்க்கால் இருந்தது, இரண்டு மரங்களும் இருந்தன. அளவுகோலை வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார்: ஐந்நூற்றில் ஒரு பங்கு. அடுத்த வருடம் தெரு இரண்டு மடங்காயிற்று. அதற்கடுத்த வருடம் அதில் இரண்டு மடங்கு. இந்தக் கணக்கில் பத்தாம் வருடம் அது நிஜத் தெருவின் அளவுக்கு வந்துவிடும் என்று அவர் குறிப்பேட்டில் எழுதி, கீழே கோடு போட்டார். தெருவில் ஆள் நடமாட்டம் மட்டும் கண்ணில் படவில்லை. ஆனால் காலையில் புகை வரும், பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும், கொடியில் துணி காயும்.

தெரு முளைத்த நாலாம் வருடம் தையல்காரம்மா வந்தார். அந்தத் தெருவில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். அந்த வியாழக்கிழமை காலை நூல்கண்டு வாங்கப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது தெரு இல்லை, வீடு இல்லை, புருஷன் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு அலுவலகத்துக்கும் எழுதினார். ஏன் எங்கள் தெரு என்று ஒரே ஒரு கேள்விதான். எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்தது: ‘தாங்கள் குறிப்பிடும் தெரு எந்த வரைபடத்திலும் காணப்படவில்லை.’ வேறு ஊரில் தையல் மிஷின் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தவர், தரையில் ஏதோ தெரு வளர்கிறதாம் என்று காதில் விழுந்து, பஸ் ஏறி வந்திருந்தார். தரையில் கிடந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த வரைவாளரிடம் அவர் முதன்முதலில் பேசியது இதுதான்:

“அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்க.”

ஐந்தாவது வீட்டுக் கொடியை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்காமலே சொன்னார்.

“மஞ்சச் சட்டை. காலரைக் கீழ தொங்கவிட்டிருக்கு பாத்தீங்களா? கழுத்துல தண்ணி நின்னு துணி வீணாப் போகும்னு ஆயிரம் தடவை சொல்லிட்டேன். செத்தும் திருந்தல மனுஷன்.”

அந்த மாதமே தையல்காரம்மா மிஷினோடு இந்த ஊருக்குக் குடிவந்தார். கொடியில் தினமும் அதே துணிதான் காய்ந்தது, சாயம் போய் நைந்துகொண்டிருந்தது. ஐந்தாம் வருடம் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். “என் புருஷன் மார்பு முப்பத்தெட்டு. இந்த வருஷத்துக் கணக்குல எவ்வளவு வரும்? உங்க கோலை வச்சுச் சொல்லுங்க” என்று வரைவாளரைக் கேட்டார். ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைய என்று அவர் சொன்னார். தையல்காரம்மா அந்த அளவில் ஒரு சட்டை தைத்து, இரண்டு விரல் மட்டுமே நுழையும் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு அது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, காலர் கீழே. அதைப் பார்த்துத் தையல்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார். வரைவாளர் வெளியே போய்ச் சுவரோரம் நின்றார்.

அதன்பின் வருடத்துக்கு ஒரு தடவை அளவு சொல்வது அவர் வேலையாயிற்று. ஆறாம் வருடம் இரண்டரைக்குச் சற்றுக் குறைவு. ஏழாம் வருடம் நாலேமுக்கால். தையல்காரம்மா அவரை அளவுக்காரரே என்று கூப்பிடப் பழகினார். ஒவ்வொரு தடவையும் வரைவாளர் வீட்டிலிருந்து உண்மையைச் சொல்லிவிடுவது என்றே கிளம்புவார். போய் எண்ணைச் சொல்லிவிட்டு வருவார். அந்த ஏழாம் வருடம் தெரு அறைக்குள் கொள்ளவில்லை. தெற்குச் சுவர் சத்தமில்லாமல் இரண்டடி விலகி வழிவிட்டது. எட்டாம் வருடம் தளபதி அறையும் தந்தி அறையும் ஒதுங்கின. இடிபாட்டைப் பார்க்க வந்தவர்கள், இடிபாடு குறைந்துவிட்டது என்று குறைபட்டுக்கொண்டார்கள்.

அந்த எட்டாம் வருடம்தான் தையல்காரம்மா, ஒன்பதரை அங்குலச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டே, போகிற போக்கில் சொன்னார்.

“வாசல் என் தலைக்கு மேல வந்ததும் நான் உள்ள போயிடுவேன், அளவுக்காரரே. இன்னும் ரெண்டு வருஷம்தானே?”

“ஆமாம்மா.”

“ஒரே ஒரு கவலைதான். போனதும் அவரு கேப்பாரு, ஏண்டி நம்ம தெருன்னு. அங்க அத்தனை பேரும் கேப்பாங்க. வெளிய இருந்தவ நான் ஒருத்திதானே, எனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைப்பாங்க. ஒரு பதில் இல்லாம எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்?”

வரைவாளர் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அந்த வருடம் முழுக்க அவருக்கு எடை குறைந்தது. வயிற்றில் ஏதாவது இருக்குமோ என்று மனைவி இரண்டு வைத்தியரிடம் காட்டினார். வயிற்றில் ஒன்றும் இல்லை என்று இருவரும் சொன்னார்கள்.

ஒன்பதாம் வருடக் கடைசியில், வாசல் இடுப்பளவு உயர்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரைவாளர் அளவுகோலோடு இரண்டு வெற்றுத் தாள்களையும் எடுத்துப் போனார். மைத்துனரையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். வாசல் தாண்டாத மனுஷன் எப்படி வந்தார் என்று காவல்காரரே எழுந்து நின்று பார்த்தார். தையல்காரம்மா மூன்றாவது வீட்டுக் கூரைமேல் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஒண்ணு சொல்லணும்.”

“துணி பத்தாதா?”

வரைவாளர் இரண்டு தாள்களையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். அறை வழக்கம், செவ்வாய்க்கிழமை, நாலேகால், மூடி விழுந்த சத்தம். யாருடைய மூடி முதலில் விழுந்தது என்பதைச் சொல்லும்போது மைத்துனரைப் பார்த்துச் சொன்னார். தையல்காரம்மா கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

“எவ்வளவு அகலம்?”

“அரை அங்குலம்.”

“தையலுக்கு விடுற துணி.”

“ஆமா.”

“ரெண்டு பேர் ஒரு சட்டையை வெட்டினா, தையலுக்கு யார் விடுறதுன்னு பேசிக்கிட்டுத்தான் கத்தரியை எடுக்கணும். எங்க தொழில்ல முதல் நாள் பாடம் அது.”

“எங்க தொழில்லயும் அதுதாம்மா.”

“எதுக்கு எந்திரிச்சே?” இருபது வருடத்துக்கு மேலாக யாரிடமும் பேசாத குரல் அது. ‘ங்க’ எங்கேயோ உதிர்ந்துவிட்டிருந்தது.

“டீ வந்திருந்துச்சு. ஆறிடும்னு.”

“டீ எப்படி இருந்துச்சு?”

“ஞாபகம் இல்ல.”

“பொய் சொல்லாதே.”

வரைவாளர் தலையைக் குனிந்துகொண்டார். “சர்க்கரை ஜாஸ்தி” என்றார்.

ஏழாவது வீட்டில் யாரோ தண்ணீர் இறைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குள் மைத்துனர் குறுக்கே வந்து, “சிரிச்சது நாங்க ரெண்டு பேரும்தாம்மா. அவரை மட்டும் சொல்லாதீங்க” என்றார். அத்தான் மேல் அவருக்கு அன்று வந்த கோபம் ஆறு மாதம் பேசாமலிருக்கும் அளவுக்குப் பெரியது. ஆனாலும் அதை அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் எடுத்தார்.

“நீ சும்மா இரு” என்றார் தையல்காரம்மா அவரிடம். பிறகு வரைவாளரிடம், “அஞ்சு வருஷமா அவரு சட்டைக்கு நீ அளவு சொன்னே. நானும் வாங்கித் தச்சேன். மன்னிப்புன்னு ஒண்ணை எதிர்பார்த்து வந்திருந்தா, அது எங்கிட்ட இல்ல. கேக்க வேண்டியவங்க உள்ள இருக்காங்க, அவங்க குடுத்தா உண்டு. பதில் கிடைச்சுது, அது போதும். அடுத்த வருஷம் வந்து விட்ட எடத்தை வரைஞ்சு குடு” என்றார். துணியைத் திரும்ப இழுத்துக்கொண்டார். “முப்பத்தெட்டுல பாதி?”

“பத்தொன்பது” என்றார் வரைவாளர்.

பத்தாம் வருடம் தெரு முழு அளவுக்கு வந்தது. தலைமையகத்தில் மிச்சம் இருந்தது வாசல் தூண் ஒன்றும் நகராட்சிப் பலகையும்தான். வரைவாளரும் மைத்துனரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் அளவுச் சங்கிலி பிடித்து அளந்தார்கள். பதினோரு நாள் ஆயிற்று. தையல்காரம்மா கூடவே நடந்து, ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருந்தார்கள், எந்தப் படி உடைந்திருந்தது, எந்தக் கதவு மழைக்கு உப்பிக்கொள்ளும் என்பதுவரை சொன்னார். வரைபடத்துக்கு அதெல்லாம் தேவையில்லை. வரைவாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசி நாள் இருவரும் இரண்டு தாளிலும் அந்தப் பட்டையை வரைந்தார்கள். மைக்கூட்டை யார் முதலில் மூடுவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு காவல்காரர் வந்து இரண்டையும் மூடினார்.

அடுத்த நாள் காலை தையல்காரம்மா ஒரு பையோடு வந்தார். ஐந்தாவது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். குனியத் தேவையில்லை என்பதைக் கையை உயர்த்திச் சரிபார்த்துக்கொண்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பிறகு அவர் குரல் நீளமாகப் பேசுவது கேட்டது, நடுநடுவே ஓர் ஆண் குரல் ஏதோ கேட்டது. அதற்குப் பிறகு பதினான்கு வீட்டிலும் ஒரே நேரத்தில் சத்தம் நின்றது. அது கால் மணி நேரம். தெருமுனையில் நின்றிருந்த வரைவாளருக்கு மட்டும் அது எவ்வளவு நேரம் என்று இன்றும் கணக்குத் தெரியாது. கடைசியில் ஏழாவது வீட்டில் தண்ணீர் இறைக்கத் தொடங்கினார்கள்.

மறுநாள் ஐந்தாவது வீட்டுக் கொடியில் ஒரு புடவை, ஒரு மஞ்சள் சட்டை. சட்டைக் காலர் அப்போதும் கீழேதான். தெருவை நோக்கிய ஆணியில் இன்னொரு சட்டை தொங்கியது, வெள்ளை. அதில் குத்தியிருந்த காகிதத் துண்டில் ‘அளவுக்காரருக்கு’ என்று இருந்தது. அவரை யாரும் அளவு எடுத்ததில்லை. ஆனாலும் தோள், கை, நீளம் எல்லாம் கச்சிதம். வலது பக்கம் மட்டும், அக்குளிலிருந்து கீழ்விளிம்புவரை, அரை அங்குலம் திறந்திருந்தது. தையலுக்குத் துணியே விடவில்லை. அவர் வரைந்தது இடப்பக்கத் தாள், விட்டுப்போனது அதன் வலது ஓரம்.

மனைவி அன்று மாலையே அதற்கு ஒரு துண்டு துணி கொடுத்துத் தைத்தார். விடிந்தபோது துண்டு மடித்து மேசைமேல் இருந்தது, சட்டை முன்போலவே திறந்திருந்தது. கெட்டி நூலில் தைத்துப் பார்த்தார், ஊக்குப் போட்டுப் பார்த்தார். வேறு சட்டை போட்டு அனுப்பினால் கடைத்தெருவுக்குப் போவதற்குள் அதுவும் அதே பக்கம் அரை அங்குலம் விட்டுக்கொடுத்தது. நாலு சட்டை இப்படிப் போன பிறகு, “உனக்கு அதுதான் விதிச்சிருக்கு, அதையே போட்டுக்கோ” என்று விட்டுவிட்டார். குளிர்காலத்தில் அந்த வழியாகக் காற்றுப் புகும். வரைவாளர் கையை இடுக்கிக்கொண்டு நடப்பதில்லை.

தபால்காரர் இப்போது அந்தத் தெருவுக்கும் போகிறார். கடிதங்களை வாசலில் வைப்பார், மறுநாள் இருக்காது. நகராட்சி பலகையைப் பிடுங்கிவிட்டுத் தெருவிளக்குப் போட்டிருக்கிறது. தலைமையகத்தை விசாரித்து யாராவது வெளியூர்க்காரர் வந்தால், அப்படி ஒன்று வரைபடத்தில் இல்லை என்று காவல்காரர் சொல்லியனுப்புகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வரைவாளர் தெருமுனைவரை போய், ஐந்தாவது வீட்டுக் கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். உள்ளிருந்து யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. மைத்துனர் ஆறு மாதம் கழித்து மறுபடி பேசத் தொடங்கியபோது முதலில் சொன்னதே தன் குறையைத்தான். “எனக்கும் ஒரு சட்டை தச்சிருக்கலாம் அத்தான், அந்தம்மா. இடது பக்கமாவது” என்றார். வரைவாளர் மாதத்துக்கு ஒரு தடவை, பழக்கம் விடாமல், கோலை எடுத்து அந்த இடைவெளியை அளந்து குறிப்பேட்டில் எழுதுகிறார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.